முனியாண்டிக்குப் போன சோறு

ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டபோது எல்லாரும் சொன்னது ஒரே பேச்சுதான்: இந்தச் சண்டையில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. வெள்ளைக்காரன் ஒரு பக்கம், காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டு ஒரு பக்கம். நடுவில் நாம் மரம் சீவுகிறோம், பால் எடுக்கிறோம், சம்பளம் வாங்குகிறோம். செம்பாக்கா தோட்டத்து ஆட்களுக்கு இதில் ஒரு பெருமைகூட இருந்தது. அலோர் காஜா டவுன் டீக்கடையில் யாராவது வாயைக் கிண்டினால், "நாங்க யார் பக்கமும் இல்ல லா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வருவார்கள். யார் பக்கமும் இல்லாதவர்களை எதற்காகக் கம்பிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது கொரியாவில் சண்டை மூண்டு ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம்.

கம்பி போட்டால் கேட்டு வேண்டும், கேட்டு வைத்தால் சோதனை வேண்டும். ஆண்களைச் சோதிக்க ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களை யார் தொட்டுப் பார்ப்பது? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தோட்டத்துத் துரை இந்தக் கேள்வியைக் கேட்டபோது எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். முழங்கால் வீங்கி, மர நெரைக்கு நெரை ஓட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பெரியநாயகி மட்டும் கையைத் தூக்கினாள். அவளுடைய ஒரே மகன் தங்கையா அப்போதுதான் ஸ்பெஷல் போலீசில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டிருந்தான். "தாயும் புள்ளையும் கேட்டுலயே குடி ஏறிட்டாங்க" என்று லயத்தில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை வேலைதான், அதற்குப் பக்கம் ஏது என்பது அவளுடைய நியாயம்.

அவள் தேட வேண்டியது அரிசியை. காட்டுக்குள் ஒரு பிடி சோறு போகக் கூடாது. பட்டினி கிடந்தால் தானாக வெளியே வருவார்கள் என்று மேலே யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் மரம் சீவுகிறவர்களின் வயிறும் சேர்ந்து காய்ந்தது. விடிந்ததும் வெறும் கட்டங்காப்பியோடு வெளியே போனால், பால் எடுத்துத் திரும்பும்வரை வாயில் போட ஒன்றும் கிடையாது. கேட்டை ஒட்டித் தகரத்தால் ஒரு மறைப்பு கட்டியிருந்தது. அதற்குள் ஒவ்வொருத்தியாக வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். பெரியநாயகி இடுப்பைத் தடவி, முந்தானையை உதறி, பால் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்து, "போ" என்பாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முனியாண்டிதான் கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டார்.

ரப்பர் மரங்கள் முடிந்து புதர்க்காடு தொடங்குகிற இடத்தில், ஒரு ஜெருங் மரத்தடியில், மூன்று கல்லும் ஒரு சூலமுமாக அவர் இருந்தார். ஆடி வந்தால் வேண்டுதல் இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அவருக்குப் படையல் வைப்பார்கள். சோறு, கறிக்குழம்பு, அவித்த முட்டை, ஒரு சுருட்டு. இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். வைத்ததை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கோயில் பூசாரி துரையிடம் போய் அனுமதி கேட்டார். "உன் சாமியைக் கம்பிக்குள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்" என்றார் துரை. காவல் தெய்வத்தையே காவலில் வைப்பதா என்று பூசாரி வாய்க்குள் முனகிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆடி முதல் வெள்ளியன்று ராஜம்மா தகர மறைப்புக்குள் வந்து கையைத் தூக்கவில்லை.

"நாயகி, வாளிக்கு அடியில இலையில கொஞ்சம் சோறு வச்சிருக்கேன். முனியாண்டிக்குத்தான். தேடாத."

"அக்கா, வெளிய தெரிஞ்சா என் வேலை போறது ஒருபக்கம், உன்னைக் கொண்டுபோய் உள்ள போட்டுருவாங்க."

"வேண்டுதல்டி. மூணு வருஷம் ஆச்சு அவன் போயி." ராஜம்மாவின் குரல் உடைந்தது. "இந்த ஒரு தடவை."

அவன் என்றால் நாகமுத்து, ராஜம்மாவின் மகன். தொழிற்சங்கத்தில் இருந்தவன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் வந்த வாரமே காணாமல் போனான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான் என்று ராஜம்மா சொல்லுவாள். சரி சரி என்று எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பெரியநாயகி அந்த வாளிக்குள் கையை விடவில்லை. அவளால் முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத மனுஷன் அந்தச் சண்டைக்காகச் செத்தான். அவள் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது தங்கையாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு மரவள்ளிக்கிழங்கைப் பங்கு போட்டு வளர்த்தவள் ராஜம்மா. நாகமுத்துதான் அவனைக் கூடவே வைத்துக்கொண்டு திரிவான். அன்றைக்கு இரண்டு பெண்களும் சத்தியம் எதுவும் செய்துகொள்ளவில்லை. உனக்கு ஒன்றென்றால் நான், எனக்கு ஒன்றென்றால் நீ என்பது சொல்லாமலே ஏற்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட உடன்படிக்கைதான் கையெழுத்துப் போட்டதைவிட ஆளை இறுக்கிப் பிடிக்கும்.

"போ" என்றாள் பெரியநாயகி.

லயத்தில் எதை மறைக்க முடிந்திருக்கிறது? அடுத்த வெள்ளிக்கு வேலையாட்களை மேய்க்கிற மண்டோரின் மனைவி கோமளா வந்து நின்றாள். அவள் குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு வரும். "பெரியநாயகிக்கா, ராஜம்மாக்கா சாமிதான் சாமியா, என் சாமி சாமி இல்லியா?" என்றாள். பெரியநாயகி அவளையும் விட்டாள். கோமளாவை விட்டதும் அன்னம்மாவை விடாமல் இருக்க முடியவில்லை. அன்னம்மாவை விட்டதும் அவள் நாத்தனாரை. ஒருத்தியை மறித்தால் அவள் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பாள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆடி பாதி தாண்டுவதற்குள் வெள்ளிக்கிழமை காலையில் பால் வாளிகள் கமகமவென்று மணந்தபடி கேட்டைத் தாண்டின. அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர்களுக்கு எப்படி மூக்கில் ஏறவில்லையோ, அந்த முனியாண்டிக்குத்தான் வெளிச்சம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கடைசியில் பெரியநாயகியே ஒரு படையல் கொண்டுபோனாள். தங்கையா ரோந்து போகத் தொடங்கியிருந்தான். அவன் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறபோதெல்லாம் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, தன் வேலை முடிந்ததும் வாளியோடு பால் எடுக்கப் போகிறவள்போல் நடந்து, முனியாண்டியிடம் போனாள்.

அங்கே போன வாரத்து இலைகள் கிடந்தன. ஐந்தாறு இலைகளைக் குரங்கும் காட்டுப்பன்றியும் இழுத்துக் கிழித்துப் போட்டிருந்தன. ஒன்று மட்டும் மடித்து வைத்திருந்தது. கல்யாணப் பந்தியில் வயிறார உண்டவன் மடிப்பதுபோல, தன் பக்கமாக, ஒழுங்காக.

குரங்கு இலையை மடிக்காது. காட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலும் சீனர்கள்தான்; சீனனும் மடிக்க மாட்டான். பெரியநாயகி கொண்டுவந்த சோற்றை வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்ற விதியை அன்றைக்கு அவள்போல் யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அன்று சாயங்காலம் குழாயடியில் ராஜம்மாவைப் பார்த்தபோது அவள் முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. இருவரும் தண்ணீர் பிடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றபோது ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி ரங்கசாமி வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அதனால் உலகத்தில் நடப்பதற்கெல்லாம் பதில் சொல்கிற பொறுப்பு தன் தலையில் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"கிராணி ஐயா, கொரியாச் சண்டை உலகச் சண்டையா ஆயிருமா?" என்று யாரோ கேட்டார்கள். போதாதா?

"ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்று கண்ணாடியைக் கழற்றினார் ரங்கசாமி. "மொத உலகச் சண்டை எப்படி வந்துச்சு தெரியுமா? ஆஸ்திரியா இளவரசனை ஒரு பொடியன் சுட்டுப்புட்டான். ஆஸ்திரியாக்காரன், இது செர்பியா பண்ணுன வேலைன்னு அது மேல பாஞ்சான். செர்பியாவுக்கு ரஷ்யா தொணை. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி தொணை. ரஷ்யாவுக்குப் பிரான்சு தொணை. ஒவ்வொருத்தனும், நான் வாக்குக் குடுத்திருக்கேன், நான் வாக்குக் குடுத்திருக்கேன்னு எறங்கிட்டான். எவனும் இவ்ளோ பெரிய சண்டை வேணும்னு நெனைக்கல."

"ஒருத்தனாச்சும் வேணாம்னு சொல்லலியா ஐயா?" என்று கேட்டது பெரியநாயகி. அவள் பொதுவாக வரிசையில் வாய் திறப்பவள் இல்லை.

"சொன்னானே! பெல்ஜியம்னு ஒரு சின்ன நாடு. நான் யார் பக்கமும் இல்லன்னான், நம்மள மாதிரி. ஜெர்மனிக்காரன், உன் வழியா நான் பிரான்சுக்குப் போகணும், கேட்டைத் தொறன்னான். இவன் முடியாதுன்னுட்டான். அடிச்சு நொறுக்கிட்டான். பெல்ஜியத்துக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்னு வெள்ளைக்காரனும் எறங்கிட்டான். அவன் எறங்குனா நம்ம ஊருச் சிப்பாயெல்லாம் எறங்கணும்ல?"

"பேசாம தொறந்து விட்டுருந்தா?"

"தொறந்தா ஜெர்மனி பக்கம் சேந்தாச்சு. மூடுனா பிரான்சு பக்கம் சேந்தாச்சு. கேட்டுல நிக்கிறவனுக்கு நடுவுன்னு ஒண்ணு கெடையாது, பெரியநாயகி." சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பருக்குள் போய்விட்டார். தான் சொன்னதில் பாதிகூட அவருக்கே உறைக்கவில்லை. படித்தவர்களுக்கு வாய்க்கிற சௌகரியம் அது.

பெரியநாயகிக்கு உறைத்தது. வேறு விதமாக உறைத்தது. இதெல்லாம் ஒவ்வொருத்தன் சரி என்று சொன்னதால் வந்த வினை. யாராவது முதலிலேயே இல்லை என்றிருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள், சயாமுக்கு ரயில் பாதையும் போட்டிருக்க மாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். வரும் வெள்ளிக்கிழமை முதல் ஒரு வாளியும் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தவள் கோமளா.

"இனிமே முடியாது கோமளா. எடுத்து வெளிய வச்சுரு."

"போன வாரம் விட்டியே?"

"போன வாரம் போன வாரம்."

"புள்ளைக்கு நேத்துகூட வந்துச்சுக்கா. வாயெல்லாம் நுரை. வேண்டிக்கிட்டு வைக்கலன்னா என்னாகும் சொல்லு."

"முடியாதுன்னா முடியாது."

கோமளா இலைச் சோற்றை எடுத்து மறைப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்து வந்தவளுக்கும் அதே பதில். அதற்கும் அடுத்தவளுக்கும் அதேதான். பெரியநாயகியின் குரல் ஒவ்வொரு தடவையும் கெட்டிப்பட்டது. அப்புறம் ராஜம்மா வந்தாள்.

ராஜம்மா மறைப்புக்குள் வரிசையாக இருந்த இலைப் பொட்டலங்களைப் பார்த்தாள். தன் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சோற்றை எதிர்பார்த்து ஒரு வயிறு காத்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருத்திக்குத் தெரியும் என்பது மற்றவளுக்கும் தெரியும்.

"போ" என்றாள் பெரியநாயகி.

கேட்டுக்கு வெளியே நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்த கோமளா, ராஜம்மாவின் வாளி கனத்தபடியே போவதைப் பார்த்தாள்.

கோமளாவைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. அவள் தன் புருஷனிடம் அழுதாள், அவ்வளவுதான். "அவளுக்கு ஒரு ஞாயம் எனக்கு ஒரு ஞாயமா?" என்று கேட்டாள். மண்டோர் அதை ஆபீசில் கிராணியிடம் சொன்னார், சும்மா பேச்சோடு பேச்சாக. கிராணி துரையிடம் சொன்னார். பிற்பாடு வேறு யார் மூலமாவது தெரிந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயத்தில் சொன்னார். துரை போனை எடுத்தார். ஒருவரும் நாகமுத்துவின் பெயரைச் சொல்லவில்லை. ஒருவருக்கும் அவனைச் சாகடிக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அவரவர் தன் பங்குக்கு ஒரு சின்னக் காரியத்தை, அவரவருக்கு நியாயமாகப் பட்ட ஒரு காரியத்தைச் செய்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் தங்கையா பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னான். "நாளைக்கு நான் வர நேரமாகும்மா. பட்டாளம் வருது. முனியாண்டிகிட்ட மறைஞ்சு படுத்துக் கெடக்கணும். எனக்குத்தான் அந்தப் பாதை தெரியும்னு கூப்புடுறாங்க." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பயப்படாத. ரெண்டு மூணு சீனனுங்க சோறு திங்க வருவானுங்க, அவ்ளோதான். வெளிய வாயத் தொறந்துராத, தெரியுதா? கேட்டுல யாரையும் தடுக்காத. எப்பவும்போல விடணும்னு துரை சொல்லச் சொன்னாரு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. பெரியநாயகி எடுத்துவைக்க மறந்து நின்றாள்.

ராஜம்மாவின் வீடு நான்கு கதவு தள்ளித்தான். போய்ச் சொன்னால் ராஜம்மா நாளைக்குச் சோற்றோடு ஏதாவது ஒரு அடையாளம் வைப்பாள், அல்லது வைக்காமலே இருப்பாள். நாகமுத்து பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் தனி ஆள் இல்லையே. பட்டாளம் படுத்துக் கிடக்கிறது என்று காட்டுக்குள் தெரிந்தால், அவர்கள் வேறு பக்கமாகச் சுற்றி வந்து படுத்துக் கிடப்பார்கள். பாதை காட்டப் போகிறவன்தான் முதலில் நடப்பான். தங்கையாதான் முதலில் நடப்பான்.

அவள் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை ராஜம்மாவின் வீட்டுக் கதவருகேகூடப் போய்விட்டாள். உள்ளே ராஜம்மா மசாலா அரைக்கிற சத்தம் கேட்டது. கறிக்குழம்புக்கு. பெரியநாயகி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எந்தப் பக்கமும் இல்லை என்று இத்தனை நாள் சொன்னவளுக்கு அன்று ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அது வெள்ளைக்காரன் பக்கமும் இல்லை, காட்டுக்காரன் பக்கமும் இல்லை. பெற்ற பிள்ளையின் பக்கம். அதைப் பாவம் என்று யார் சொல்வது? அவளே சொல்லிக்கொண்டாள். படுக்கையில் புரண்டபடி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

காலையில் கேட்டுக்குப் போகும்முன் உறியில் தொங்கிய சட்டியைத் திறந்தாள். கோலா சுங்கை பாருவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவனிடம் வாங்கி, பத்திரமாக வைத்திருந்த கருவாடு ஒரு துண்டு இருந்தது. அதைத் தணலில் சுட்டு, ஒரு சின்ன இலையில் மடித்து, மடியில் செருகிக்கொண்டாள். ஜப்பான்காரன் காலத்தில் நாகமுத்து இந்த வீட்டு வாசலில் வந்து நின்று, "சின்னம்மா, கருவாடு வாசனை வருதே" என்பான். கிழங்கோடு ஒரு துண்டு கொடுத்தால் முள்ளைக்கூட விடமாட்டான்.

ராஜம்மா மறைப்புக்குள் வந்தாள். பெரியநாயகி வாளிக்குள் கையை விட்டாள். அந்த ஆடி மாசத்தில் ராஜம்மாவின் வாளிக்குள் அவள் கை நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"என்னடி வச்ச?"

"ஒண்ணுமில்லக்கா. சாமிக்கு என் பங்கு."

ராஜம்மா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். வெளியே ராஜம்மாவின் செருப்புச் சத்தம் தேயும்வரை பெரியநாயகி அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு சோளம் பொரிகிற மாதிரி சடசடவென்று. பிறகு ஒன்றுமில்லை. லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ராஜம்மா ஓடி வந்தாள். தன் வீட்டிலிருந்து தலைவிரி கோலமாக, மூச்சிரைக்க, பெரியநாயகியின் வாசலுக்கு ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தங்கையா எங்கடி? அவன் இன்னிக்கு டூட்டியா? எங்க டூட்டி?"

பெரியநாயகி காட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாது. என் கையில வளந்த புள்ளடி அவன், ஒண்ணும் ஆகாது" என்றாள் ராஜம்மா. தன் பிள்ளையைப் பற்றி வாய்விட்டுக் கேட்க முடியாதவள், அடுத்தவள் பிள்ளைக்காக நடுங்கலாம். அதற்குத் தடை இல்லை. அவள் இரண்டு பேருக்காகவும் சேர்த்து நடுங்கினாள். பெரியநாயகி பிடித்திருந்த கையை உதறவும் முடியாமல், பற்றிக்கொள்ளவும் முடியாமல் மரமாக நின்றாள்.

கேட்டு மூடும் நேரத்தில் தங்கையா வந்தான். தூரத்தில் அவன் தலையைக் கண்டதும் ராஜம்மா "முனியாண்டி" என்று கும்பிட்டாள். அவன் அவளைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய் மூலையில் உட்கார்ந்தான். ராஜம்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு மெல்ல நடந்து போனாள்.

"அண்ணன்மா" என்றான் தங்கையா. "நாகமுத்து அண்ணன்."

பெரியநாயகி கதவைச் சாத்தினாள்.

"தனியாத்தான் வந்தாரு. மொகமெல்லாம் தாடி, எனக்கு அடையாளம் தெரியலம்மா. சத்தியமா தெரியல. உக்காந்து சாப்புட்டாரு. மத்தவங்க வரட்டும்னு பட்டாளத்துக்காரன் காத்துக்கிட்டே இருந்தான். யாரும் வரல. அவரு மெதுவா, முள்ளு முள்ளா எடுத்துச் சாப்புட்டாரு. சாப்புட்டு இலைய மடிச்சாரு. அப்பத்தான் எனக்கு..." அவன் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டான். "வாயத் தொறக்குறதுக்குள்ள சுட்டுட்டாங்கம்மா."

பெரியநாயகிக்கு அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. மகன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினாள். கருவாடு சுட்ட வாசனை விரலில் இன்னும் இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது உடலைக் கேட்டருகே கொண்டுவந்து ஒரு தகரத்தின்மேல் கிடத்தியிருந்தார்கள். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். பட்டாளத்து வெள்ளைக்காரன் ஒருவன் நின்றான். பக்கத்தில் கிராணி ரங்கசாமி, மொழிபெயர்க்க. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இவனைத் தெரியுமான்னு கேக்குறாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால், ஆட்களை ஏற்றிப்போக, லாரி நின்றது.

"தெரியாது" என்றார் பூசாரி. நாகமுத்துவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது அவர்தான்.

"தெரியாது" என்றார் மண்டோர். கோமளா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள். அன்னம்மா தெரியாது என்றாள். அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள், அவனோடு சங்கக் கொடி பிடித்தவர்கள், எல்லாரும் தெரியாது என்றார்கள். அந்தத் தோட்டமே ஒரே வாயாக இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். அந்த இல்லை யாருக்கும் உதவவில்லை.

ராஜம்மாவின் முறை வந்தது. அவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். வேட்டியில்லை, கால்சட்டை; தாடி; நெஞ்சில் ஈ. நெற்றியில் சின்ன வயதில் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு உடைந்து குத்திய தழும்பு.

"இவனை... தெரியுமாம்மா?" ரங்கசாமியால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"தெரியாதுங்க" என்றாள் ராஜம்மா. "யார் பெத்த புள்ளையோ."

வெள்ளைக்காரன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோதனைக்குப் போ என்று கையைக் காட்டினான். அவள் நடந்து தகர மறைப்புக்குள் வந்தாள். அங்கே பெரியநாயகி நின்றாள். மறைப்புக்கு மேலே வெள்ளைக்காரனின் தொப்பி தெரிந்தது. அவன் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜம்மா வாளியைக் கீழே வைத்தாள். நேராகப் பெரியநாயகியின் கண்ணுக்குள் பார்த்தாள். உதடு மட்டும் அசைய, அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்காமல் சொன்னாள்.

"வாய் ஓரத்துல கருவாட்டு முள்ளு ஒட்டியிருந்துச்சு."

பெரியநாயகி தன் விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

"பட்டாளம் வர்றது தெரிஞ்சுதான வச்ச?"

"அக்கா, தங்கையா..." என்று ஆரம்பித்தாள் பெரியநாயகி. ராஜம்மா பிறகு மற்ற பெண்களைப்போல இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அந்த ஆடி முழுக்க அவள் தூக்காத கை.

"தேடிக்கோ நாயகி" என்றாள். "இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

தொப்பி இன்னும் அங்கேயே இருந்தது. பெரியநாயகி அவள் இடுப்பைத் தடவினாள், முந்தானையை உதறினாள், காலி வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"போ" என்றாள்.